லோடு ஷீட்டும் விம் எடிட்டரின் மூன்று கட்டளைகளும்

மண்ணடியில் உள்ள எங்கள் லாரி புக்கிங் ஆபீசில் லாரியில் ஏற்றும் சரக்குகளின் பட்டியலான லோடு ஷீட் இன்றைக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான், வரிக்கு 80 எழுத்து என்ற கணக்கில் அடிக்கப்படுகிறது. அதற்கான கோப்பை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய ஓராண்டாக விம் (Vim) என்ற, கணினியில் எழுத்துக் கோப்புகளைத் திருத்த உதவும் எடிட்டரைப் பயன்படுத்தி வருகிறேன். வரிகளை ஒழுங்குபடுத்த அதிலேயே அமைந்திருக்கும் கட்டளைகளைப் பற்றியதே இந்த மதிப்புரை.

தலைப்பு வரியில் நின்று, முக்காற்புள்ளியைத் தட்டி, 'சி', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகளை அடித்து என்டர் கொடுத்தால் வரி நடுவுக்கு வந்துவிடுகிறது. 'ஆர்', 'ஐ' அடித்தால் வலது ஓரத்துக்கும், 'எல்', 'ஈ' அடித்தால் இடது ஓரத்துக்கும் போகும். அகலத்தை நாம் சொல்லாவிட்டால் வரியின் அகலத்தைக் குறிக்கும் டெக்ஸ்ட்விட்த் அமைப்பில் உள்ள எண்ணையும், அது 0 என்றிருந்தால் 80ஐயும் விம் எடுத்துக்கொள்வதால், எங்கள் பிரிண்டருக்காக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடது கட்டளைக்குப் பின் கொடுக்கும் எண் மட்டும் அகலத்தைக் குறிப்பதில்லை. ஓரத்தில் விட வேண்டிய இடத்தைக் குறிக்கும். இந்த வேறுபாடு என்னைச் சில நாள் குழப்பியது.

முதல் வாரத்திலேயே ஒரு சங்கடமும் நேர்ந்தது. திரையில் அழகாக நடுவில் நின்ற 16 எழுத்துத் தலைப்பு, தாளில் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிரிண்டரைத்தான் முதலில் திட்டினேன். ஆனால் விம் முன்னால் விட்ட 32 இடத்தையும் வெற்றிடங்களாக இல்லாமல், பல இடங்களை ஒரே தாவலில் தாண்டும் குறியான டேப்கள் 8 போட்டு நிரப்பியிருந்தது. நான் ஒரு டேப்பை 4 இடம் என்று வைத்திருக்க, பிரிண்டரோ அதை 8 இடம் என்று எண்ணி, தலைப்பை 64 இடம் தள்ளி அடித்துவிட்டது. எக்ஸ்பேண்ட்டேப் அமைப்பை முதலிலேயே போட்டுவிட்டால் டேப்புக்குப் பதில் வெற்றிடங்களே விழும் என்பதால், இப்போது அது என் அமைப்புக் கோப்பின் முதல் வரியாக இருக்கிறது.

வாடகைத் தொகைகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்த வலது கட்டளை உதவாது. அது தொகையோடு சரக்கின் பெயரையும் சேர்த்து மொத்த வரியையே நகர்த்திவிடும். மொத்தத் தொகை, கையெழுத்துக்கான வரி போன்ற தனி வரிகளுக்கே அது பொருந்தும். இரு ஓரங்களும் சமமாக நிற்க வேண்டுமானால், விம்முடனேயே வரும் ஜஸ்டிஃபை என்ற துணைத் தொகுப்பைத் தனியாக ஏற்ற வேண்டும். தமிழ் வரிகளை நடுவில் நிறுத்தினாலும் கண்ணுக்குச் சற்று விலகியே தெரியும். விம் கட்டங்களை எண்ணுகிறது, நம் எழுத்துகளோ ஒரே அகலம் கொண்டவை அல்ல.

விம் இலவசம். 1991இல் பிராம் மூலநார் வெளியிட்ட இந்த எடிட்டரைக் கோப்பு எதுவும் இல்லாமல் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோள்தான் விலைச்சீட்டாகத் தோன்றும். மவுஸ் பழகிய கைக்கு முதல் மாதம் கடினமாகவே இருக்கும். எங்களைப் போல நிலையான அகலத்தில் தாள் அடிப்பவர்களுக்கு அந்த ஒரு மாதத்தைச் செலவிடலாம் என்பேன்.