சன்னதித் தெருவில் வாங்கிய சிவலிங்கச் சிகரப் படம்

இராமேசுவரம் சன்னதித் தெருவில் சங்கு, சோழி, பாசிமணிகளுக்கு நடுவே கங்கோத்ரித் தீர்த்தச் செம்புகளும் விற்கும் ஒரு கடையில், சிவலிங்கச் சிகரத்தின் சட்டமிட்ட வண்ணப்படம் ஒன்றைச் சென்ற மாதம் 650 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தோடு நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றும், பின்னட்டையில் ஒரு வழி வரைபடமும் உண்டு. இராமநாத சுவாமியின் அபிஷேகத்துக்கு வடநாட்டு யாத்திரிகர்கள் சுமந்து வரும் கங்கை நீர் கோமுகத்தில் வெளிப்படும் இடத்துக்கு மேலே நிற்கும் மலை என்பதால், நம் ஊரில் இந்தப் படம் விற்பனைக்கு வந்ததில் வியப்பில்லை.

படம் கொடுத்த காசுக்குத் தகும். சுமார் 4,460 மீட்டர் உயரத்திலுள்ள தபோவனப் புல்வெளியிலிருந்து விடியற்காலையில் எடுத்திருக்கிறார்கள். அருகில் வைத்துப் பார்த்தால் வெளிர்சாம்பல் பாறையில் நெட்டுக்குத்தாக ஓடும் வெடிப்புகளும் அவற்றுக்குள் அப்பிக்கிடக்கும் பனியும் கோடு கோடாகத் தெரிகின்றன. தோண்டினால் மணலும் பவளச் சுண்ணாம்புக் கல்லுமே கிடைக்கும் கரையில் வாழும் நமக்கு, பூமியின் ஆழத்தில் உருகி இறுகி, இமயம் எழும்பியபோது மேலே தூக்கப்பட்ட இந்தக் கிரானைட்டின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். பிரசுரம் அதைச் சொல்லவில்லை.

பிரசுரம் சொல்வதோ பிழை. "6,638 மீட்டர் உயரமுள்ள, மனிதர் எவரும் ஏறியிராத சிகரம்" என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த உயரமும் அந்தப் பெருமையும் திபெத்திலுள்ள கயிலாயத்துக்கு உரியவை. சிவலிங்கத்தின் உயரம் 6,543 மீட்டர்; அது உத்தரகண்டில், கங்கோத்ரிப் பனியாற்றின் ஓரத்தில், பாகீரதிச் சிகரங்களுக்கு எதிரே நிற்கிறது. இரண்டு உச்சிகள் கொண்ட மலை அது. 6,501 மீட்டர் உயரமுள்ள தென்மேற்கு உச்சி தபோவனத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மறைந்துவிடுவதால் ஒற்றைக் கூம்பாகத் தோன்றுகிறது. ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்னை நினைவூட்டியதால் ஐரோப்பியர் ஒருகாலத்தில் அந்தப் பெயராலேயே இதை அழைத்தனர்.

யாரும் ஏறவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. 1938இல் சுவார்ஸ்குரூபர் என்ற மலையேறியின் தலைமையில் இப்பகுதிக்கு வந்த குழு பாகீரதிச் சிகரங்களில் ஒன்றில் ஏறியதே தவிர, இதில் ஏறவில்லை. 1974 ஜூன் 3 அன்று, ஹுக்கும் சிங் தலைமையிலான இந்திய-திபெத் எல்லைக் காவல் படைக் குழு, பாறையில் நிலையான கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்தபடி மேற்கு முகடு வழியாக முதன்முதலில் உச்சியை அடைந்தது. நம் நாட்டுக் காவல் படையினரின் முதல் ஏற்றத்தை, நம் நாட்டில் அச்சான பிரசுரமே இல்லையென்று சொல்வதை என்னால் சாதாரண அச்சுப்பிழையாக விட்டுவிட முடியவில்லை. 1981இல் பிரிட்டிஷ் மலையேறி டக் ஸ்காட்டும் மூன்று தோழர்களும் கிழக்கு முகட்டில் 13 நாள்கள் பாறையிலேயே உண்டு உறங்கி மேலேறினார்கள். 1983இல் பிரிட்டிஷ் மலையேறிகளான கிறிஸ் பானிங்டனும் ஜிம் ஃபாதரிங்காமும், இருவராகவே, தென்மேற்கு உச்சியை முதன்முதலில் தொட்டனர். 2000இல் தாமஸ் ஹூபரும் இவான் வுல்ஃபும் வடக்குப் பக்கத்தில் தூண்போல் நிற்கும் பாறையில் நேராக மேலேறும் புதுப்பாதை ஒன்றைத் திறந்தனர்.

வரைபடம் பரவாயில்லை. கங்கோத்ரி, சீர்பாசா, போஜ்பாசா, கோமுகம் என்று வரிசை சரியாகவே இருக்கிறது. ஆனால் அளவுகோல் இல்லாததால், கங்கோத்ரியிலிருந்து கோமுகத்துக்குச் சுமார் 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதும், தேசியப் பூங்காவுக்குள் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதும் யாத்திரைக்குக் கிளம்புபவர்களுக்குத் தெரியாமல் போகும்.

படத்தின் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பின்புற அட்டையைப் பிடித்திருக்கும் சிற்றாணிகள் உப்புக்காற்றில் மூன்றே வாரத்தில் துருவேறி, சுவரில் பழுப்புக் கோடு இழுத்துவிட்டன. கடற்கரையை ஒட்டி வீடுள்ளவர்கள் பித்தளை ஆணி போட்டுத்தரச் சொல்லி வாங்குவது நல்லது. கேட்டால் கடைக்காரர் 40 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறார்.

பிரசுரத்தின் பிழையைச் சுட்டியபோது, "அண்ணே, அத யாரும் படிக்கிறதில்ல, படத்தத்தான் பாக்குறாக" என்றார் கடைக்காரர். என்னுடைய பிரதியில் 6,543 என்றும் 1974 என்றும் ஓரத்தில் எழுதி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரம் போனபோது அந்தத் தாள் தீர்த்தச் செம்பு ஒன்றைச் சுற்றியிருந்தது.