தாதியர் சங்கமே வேலையை விட்டு நீக்கினால்: பிரிவு 20 முறையீட்டுச் சேவை எப்படி?

தாதியர் சங்கம் ஒன்று தன்னிடம் சம்பளத்துக்கு இருக்கும் பயிற்றுநரையோ செயலக ஊழியரையோ திடீரென வெளியே அனுப்பினால், சக தாதிகள் உடனே கையெழுத்து திரட்டக் கிளம்புகிறார்கள். மனது நல்ல மனதுதான். ஆனால் அந்த வாரத்தில் அவரைத் தொழிலுறவு இலாகாவுக்கு அழைத்துப் போவதே உண்மையான உதவி. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் முறையிடக் கட்டணம் இல்லை, தொழிற்சங்க உறுப்பினராகவும் இருக்க வேண்டியதில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறுப்பினர் தகுதியை மட்டும் பறித்திருந்தால் இந்தச் சேவை பயன்படாது. சங்கத்தின் சட்டவிதியைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம் அது. தாதியாகப் பணிபுரியும் உரிமையோ வேறு கதை. அது 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி தாதியர் வாரியத்தின் கையில் இருக்கிறது. சங்கத்தை விட்டு நீக்கியதால் அது போய்விடாது. பயத்தில் பலர் இதைக் குழப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

இந்தச் சேவையில் மிகக் கடுமையானது காலக்கெடு. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள், சனி ஞாயிறும் சேர்த்து. மார்ச் 3 நீக்கம் என்றால் மே 2 கடைசி நாள். மே 1 தொழிலாளர் தின விடுமுறை, ஆக ஏப்ரலிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒரு நாள் தாண்டினாலும் நீட்டித்துத் தர இலாகாவுக்கு அதிகாரம் இல்லை. "மேல்முறையீடு செய்யுங்கள், செயற்குழு கூடிப் பேசும்" என்று சங்கம் சொல்லும். செய்யலாம், ஆனால் அதற்காக 60 நாள் கணக்கு நிற்காது. பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். "நீங்களே விலகிவிட்டால் பெயர் கெடாது" என்ற பேச்சும் வரும். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், வற்புறுத்தலால்தான் விலகினார் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழும்.

அடுத்த சிக்கல், "அவர் ஊழியரே இல்லை, தொண்டூழியர், அலவன்ஸ்தான் கொடுத்தோம்" என்ற வாதம். அதற்குப் பதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பதிவுகள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், விளக்கம் கேட்ட கடிதம், அதற்குக் கொடுத்த பதில், நீக்கக் கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். நோயாளியின் பெயர் உள்ள எந்தத் தாளையும் ஆதாரம் என்று நகலெடுக்க வேண்டாம். அதுவே புதிய குற்றச்சாட்டாகத் திரும்பும்.

முறையீட்டில் கேட்க வேண்டியது மீண்டும் வேலை. "நஷ்டஈடு மட்டும் போதும்" என்று எழுதினால் முறையீடே ஆட்டம் காணும்.

பிறகு சமரசச் சந்திப்பு. வக்கீலுக்கு அனுமதி இல்லை என்பது சாமானியருக்குச் சாதகம். நீங்கள் உடன் உட்கார முடியுமா என்று அதிகாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். இரு தரப்புக்கும் இடையே தொகை பேசப்படும். அன்றே ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை. மாதச் சம்பளம், சேவை ஆண்டுகள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் பதற்றத்தில் குறைந்த தொகைக்குத் தலையாட்ட மாட்டார்.

சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். 2021 வரை அதற்கு அமைச்சர் மனம் வைக்க வேண்டியிருந்தது. இப்போது தொழிலுறவு இலாகாவின் தலைமை இயக்குநரே அனுப்பிவிடுகிறார். இந்தச் சேவையில் நடந்த ஆகச் சிறந்த மாற்றம் இதுதான். நீக்கியதற்குச் சங்கம் அன்று சொன்ன காரணத்தைத்தான் நீதிமன்றம் சோதிக்கும், பின்னால் வேறு காரணம் ஒட்டவைக்க முடியாது. 1981இல் கூன் குவீ போய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வகுத்தது இது. ஆகவே நீக்கக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் முக்கியம்.

குறை என்றால் காத்திருப்பும் உச்சவரம்பும். பின்சம்பளம், அதாவது நீக்கப்பட்டபின் இழந்த சம்பளம், அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12. இடையில் வேறு இடத்தில் சம்பாதித்ததில் ஒரு பகுதியும் கழிக்கப்படலாம். அதற்காக வேலை தேடாமல் இருக்க வேண்டாம். மருத்துவமனைப் பணிக்குத் திரும்ப வேண்டுமானால் ஏபிசி (APC) எனும் ஆண்டுப் பணிச் சான்றிதழ் வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிப்பது. வழக்குக் கவலையில் அதை மறந்துவிடுவார். தேதியை நீங்கள் குறித்து வைத்து நினைவூட்டுங்கள்.