தயிர் ஐஸுக்கு மூன்றரை ஆண்டு: ஒரு நாலறை வீட்டுச் சமையலறைக் கணக்கு

2021 நவம்பர் 11ஆம் தேதி இணையத் தள்ளுபடியில், ஐஸ்கிரீம் கடைந்து தரும் சின்ன இயந்திரம் ஒன்றை 69 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். கடையில் ஒரு கப் தயிர் ஐஸுக்குக் கொடுக்கும் காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே பழம் போட்டுச் செய்தால் மகளுக்கும் நல்லது, இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள அத்தையும் ஒரு வாய் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் எது சரி, எது தப்பு என்று சொல்லும் அளவுக்கு இப்போது அனுபவம் இருக்கிறது.

“வாங்கலாமா?” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். “உங்க ஃப்ரீசர்ல இடம் இருக்கா?” என்று திருப்பிக் கேட்டேன். இந்த வகை இயந்திரத்தில் குளிரூட்டும் பெட்டி கிடையாது. இரட்டைச் சுவர் வைத்த கிண்ணம்தான் எல்லாம். அந்தச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் திரவம் முழுக்க உறைய வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால்தான் உறையும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். களக் களக் என்று கேட்டால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். ஈசூன் வட்டாரத்தில் எங்கள் நாலறை வீட்டு ஃப்ரீசரில் தேக்காச் சந்தையில் வாங்கிய மீன், உறைந்த பரோட்டா, தேங்காய்த் துருவல் எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் அந்தக் கிண்ணம் ஒரு குடித்தனக்காரர் மாதிரி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. மின்சாரம் பெரிதாக ஆகாது, மோட்டார் ரொம்பச் சின்னது. இடத்துக்குத்தான் வாடகை.

முதல் தடவை பேரங்காடித் தயிரையும் மாம்பழத்தையும் அப்படியே ஊற்றினேன். சர்க்கரை போடவில்லை, ஆரோக்கியமாம்! இருபது நிமிடத்தில் மெத்து மெத்தென்று வந்தது. ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மீதியை டப்பாவில் அடைத்து வைத்தோம். மறுநாள் எடுத்தால் செங்கல். மகள் கரண்டியை விட்டு நெம்பியதில் கரண்டிதான் வளைந்தது.

தயிரில் பெரும்பகுதி தண்ணீர்தானே. பழத்திலும் அப்படித்தான். கடையும்போது பனித்துகள் பொடிப்பொடியாக உருவாகிறது, அதனால் நாக்குக்கு மெத்தென்று இருக்கிறது. டப்பாவில் அசையாமல் கிடக்கும்போது மிச்சத் தண்ணீரும் உறைந்து, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி இறுகிவிடுகிறது. ஆக, முதல் வேலை தண்ணீரைக் குறைப்பது.

அதற்கு என் வீட்டில் இருக்கும் நல்ல கருவி மாமாவின் பழைய எட்டு முழ வேட்டியில் கிழித்த ஒரு துண்டு. “நல்ல வேட்டியைப் போயி ஐஸ்கிரீமுக்காம்மா கிழிச்சே?” என்று அத்தை ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிலோ தயிரை அதில் மூட்டை கட்டி, வடிகூடையில் வைத்து, அடியில் பாத்திரம் கொடுத்து, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் விடுகிறேன். வெளியே மேடையில் வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் காலைக்குள் புளித்துவிடும். இங்கே உறை ஊற்றினாலே ஐந்தாறு மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடுகிறதே, இரவு ஊற்றிக் காலையில் எடுப்பதெல்லாம் மோர்க்குழம்புக்குத்தான் ஆகும். காலையில் மூட்டையைப் பிரித்தால் ஏறக்குறைய பாதி எடைக்கு, துணியின் நெசவு பதிந்த வெள்ளைக் கட்டியாகத் தயிர் நிற்கும். கீழே தேங்கிய நீரில் சப்பாத்தி மாவு பிசைகிறேன், நல்ல மிருதுவாக வருகிறது.

வடித்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி. சர்க்கரை. இனிப்புக்கு மட்டும்தான் சர்க்கரை என்று நினைத்திருந்தேன். அது தண்ணீரை உறையவிடாமல் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது. தேன் இதில் சர்க்கரையைவிடக் கெட்டிக்காரன், அதே எடைக்கு இன்னும் மெத்தென்று வைத்திருக்கும். அதனால் சர்க்கரையைக் குறைத்தால் ஐஸ் கல்லாகிறது. போதாக்குறைக்கு, குளிர்ச்சியில் நாக்கு மரத்துப்போவதால் சாதாரணமாக இனிக்கும் கலவை உறைந்ததும் சப்பென்று இருக்கும். இன்னும் இரண்டு கரண்டி ஊற்றத் தோன்றும். நானும் ஊற்றினேன், பல மாதம்.

பிறகு ஒரு நாள் நியூட்ரி-கிரேட் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டே எடை போட்டேன். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து இங்கே பானங்களுக்கு ஏ முதல் டி வரை வந்த தரக்குறியீடு அது; ஏ நல்லது, டி மோசம். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சி, 10ஐத் தாண்டினால் டி. நம் ஐஸ் பானமில்லை, சும்மா ஒப்பிட்டேன். வடித்த தயிர் 500 கிராம், மாம்பழம் 300 கிராம், ஒரு வாழைப்பழம். சர்க்கரையே சேர்க்காமல், பாலிலும் பழத்திலும் இருப்பது மட்டும் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம். அதாவது சி. வழக்கமாக ஊற்றும் மூன்று மேசைக்கரண்டித் தேனையும் சேர்த்தால் 12ஐத் தாண்டுகிறது. டி! “வீட்டில் செய்தது, சுத்தமானது” என்று அத்தைக்கு இரண்டாம் முறை பரிமாறியதை நினைத்து எனக்கே கூச்சமாகிவிட்டது. இப்போது அவருக்குத் தனியாக ஸ்ட்ராபெரி போட்டு, தேன் இல்லாமல், சின்ன கப்பில் பாதி. அதுவும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) கேட்டுவிட்டுத்தான்.

தேனை நிறுத்தியபின் சேமித்து வைப்பதையும் நிறுத்திவிட்டேன். கடைந்தவுடன் சாப்பிட்டால் சர்க்கரை குறைவாக இருந்தாலும் மெத்தென்றுதான் இருக்கிறது. மிஞ்சினால் குச்சி அச்சில் ஊற்றிவிடுகிறேன், குச்சி ஐஸ் கல்லாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

பழங்களில் வாழைதான் ராஜா. ஈரச்சந்தையில் வாங்கும் பிசாங் மாஸ், தோலில் கரும்புள்ளி விழும் வரை காத்திருந்து, உரித்து, வில்லையாக நறுக்கித் தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறையவைக்க வேண்டும். ஒரு தடவை தோலோடு உறையவைத்துவிட்டு, உரிக்க முடியாமல் விரல் மரத்துப்போனது இன்னும் நினைவிருக்கிறது. ஏப்ரல் வந்தால் தேக்காவில் பங்கனப்பள்ளி பெட்டி பெட்டியாக இறங்கும், அப்போது வேறு எதையும் தொடமாட்டேன். டிராகன் பழம் நிறத்துக்கு மட்டும். தர்ப்பூசணி வேண்டவே வேண்டாம், அது வெறும் தண்ணீர்.

அன்னாசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகளின் பிறந்தநாளுக்கு வேகவைக்காத அன்னாசியை அரைத்துத் தயிரில் கலந்து முதல் நாளே வைத்துவிட்டேன். மறுநாள் வாயில் வைத்த பிள்ளைகள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். கசப்பு. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்துவிடுகிறதாம். பப்பாளியிலும் கிவியிலும் இதே போன்ற நொதிகள் உண்டு. அன்னாசியைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இயந்திரத்தைப் பற்றிய குறையையும் சொல்லிவிடுகிறேன். பதினான்காம் மாதம் மூடியின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தது. உத்தரவாதம் ஓராண்டுதான். விற்றவரிடம் கேட்டால் மூடி தனியாக வராது, புதிதாக வாங்குங்கள் என்று பதில். ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன். கடையும் துடுப்பு கிண்ணத்தின் சுவரில் ஒட்டிய விரல் கனப் படலத்தைச் சுரண்டாது, அது ஒவ்வொரு தடவையும் வீண். இன்னொன்று, நடுப்பகலில் சமையலறைச் சூட்டில் செய்தால் கலவை கெட்டியாகும் முன்பே கிண்ணத்தின் குளிர் தணிந்துவிடுகிறது. கலவையை இரண்டு மணி நேரம் நன்றாகக் குளிரவைத்து, அடுப்பு எரியாத நேரத்தில்தான் ஓட்டுவேன்.

மிக்ஸி இருந்தால் இது தேவையா என்றால், பாதி நாள் தேவையில்லை. உறைந்த பழ வில்லையையும் வடித்த தயிரையும் சட்னி ஜாரில் போட்டு விட்டு விட்டு அடித்தால் கிட்டத்தட்ட அதே பதம் வருகிறது. ஒரேயடியாக ஓட்டினால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். அப்படி நின்றால் கொஞ்சம் ஆறவிட்டு, மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மூடி முழுதாகப் போனால் மறுபடி வாங்கமாட்டேன், ஃப்ரீசரில் அந்த இடம் எனக்கு வேண்டும். என் கணவர்தான் ஜூன், ஜூலை டுரியான் பழப் பருவம் வரையாவது தாங்கட்டும் என்கிறார். கொழுப்பு இருப்பதால் டுரியான் ஐஸ் மட்டும் மறுநாளும் மெத்தென்று இருப்பது உண்மைதான். ஆனால் போன வருடம் அதைக் கடைந்தபின் இரண்டு வாரத்துக்கு மீன்கூட டுரியான் வாசனை அடித்தது.