450 ரூபாய் டப்பாவா, கம்பெனிக்கேற்ற கருவியா?

பெங்களூரு ஹெப்பால் மேம்பாலத்து நெரிசலில் என் ஃபோக்ஸ்வாகன் போலோவின் எஞ்சின் விளக்கு எரிந்தது. மறுநாள் சர்வீஸ் சென்டரில், கார் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டைப் படித்துச் சொல்வதற்கே தனிக் கட்டணம் என்றார்கள். எரிச்சலில் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் 450 ரூபாய்க்கு, காரில் செருகி அந்தக் குறியீட்டைக் கைபேசியில் படிக்க உதவும் நீல நிற ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி வந்தேன்.

அதன் மேல் ‘ஈஎல்எம் 327, வி 1.5’ என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பெயருள்ள அசல் சில்லைத் தயாரித்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ். அந்த நிறுவனம் 1.5 என்ற எண்ணில் எதையும் வெளியிட்டதே இல்லை. 2022இல் கடையையும் மூடிவிட்டது. ஆக, நான் வாங்கியது நகல். ஆனாலும் வேலை செய்தது. புகை தொடர்பான எஞ்சின் குறியீடுகள் எல்லாக் கம்பெனிக்கும் பொது மொழியில் இருப்பவை. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து, கோளாறை கார் தானே கண்டறிந்து குறியீடாகச் சொல்லும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயம். ஆண்ட்ராய்டில் ‘டார்க்’; ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ‘கார் ஸ்கேனர்’ போன்ற செயலிகளே இதற்குப் போதும். ஐபோன்காரர்கள் மட்டும் பழைய வகை ப்ளூடூத் அடாப்டரை வாங்கி ஏமாற வேண்டாம். வைஃபை அல்லது ப்ளூடூத் எல்ஈ உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

என் காரில் வந்தது பி0171. காற்று கூடுதல், எரிபொருள் குறைவு என்று பொருள். இதைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்ல நான்கு பேர் வருவார்கள். ஜே.சி. ரோட்டுப் பக்கத்து மெக்கானிக் அண்ணன் காற்றுக் குழாயில் இருந்த விரிசலைக் காட்டினார். அவர் கேட்ட முதல் கேள்வி, “அழித்துவிட்டீர்களா?” நல்லவேளை, அழிக்கவில்லை. குறியீட்டை அழித்தால், கோளாறு வந்த நொடியில் எஞ்சினின் வேகம், வெப்பம் எல்லாம் என்னவாக இருந்தன என்ற பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும்.

ஏபிஎஸ், ஏர்பேக் என்று வந்துவிட்டால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிமொழி. பொதுச் செயலி சில கார்களில் படிக்கும், பலவற்றில் கைவிரிக்கும். அதனால் முதலில் காருக்கேற்ற மென்பொருளை முடிவு செய்து, அது கேட்கும் அடாப்டரைப் பிறகு வாங்குவதே சரி. நான் தலைகீழாகச் செய்தவன்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்குப் போட்டி ஓபிடிலெவன், விசிடிஎஸ் என்ற இரண்டு கருவிகளுக்கு இடையேதான். முதலாவது கைபேசியில் இயங்கும், விலை குறைவு. ஆனால் முழு வசதிக்கு ஆண்டுச் சந்தா, சில வேலைகளுக்குத் தனிக் காசு. ராஸ்-டெக்கின் விசிடிஎஸ்ஸுக்கு விண்டோஸ் மடிக்கணினி வேண்டும், தொடக்க விலை கண்ணைக் கட்டும். அதன் பிறகு சந்தா கிடையாது. மலிவான பதிப்பு மூன்று கார்களுக்கு மட்டுமே. வீட்டில் ஒரே கார், வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பேன் என்பவருக்கு ஓபிடிலெவன் போதும். பத்து வருடம் காரை விற்பதாக இல்லை என்றால் விசிடிஎஸ். சந்தையில் குறைந்த விலைக்கு வரும் போலி ‘விசிடிஎஸ் கேபிள்’களைத் தொடவே தொடாதீர்கள், மென்பொருளைப் புதுப்பித்த அன்றே பல செத்துப்போகின்றன.

லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் மைத்துனனிடம் ஈகோஸ்போர்ட். ஃபோர்டு 2021இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து அவனுக்கு ஃபோர்டு கார்களுக்கான ஃபோர்ஸ்கேன் மென்பொருள்தான் பாதி மெக்கானிக். விண்டோஸ் பதிப்பில் அடிப்படைச் சோதனைக்குக் காசில்லை. சிக்கல் அடாப்டரில்தான். அடாப்டரைச் செருகும் 16 ஊசித் துளையில் எஞ்சின் பேச்சு 6, 14ஆம் ஊசிகள் வழியாக நடக்கிறது. கதவு, ஏசி போன்றவை 3, 11 வழியாகப் பேசுகின்றன. என் நீல டப்பாவுக்கு அந்த இரண்டாவது வழி தெரியாது. இரண்டு வழியும் தானாக மாறிக்கொள்ளும் ஓபிடிலிங்க் ஈஎக்ஸ் வாங்கினான். பல மடங்கு விலை, ஆனால் வீண் செலவு இல்லை.

கையடக்க ஸ்கேனர்கள் ஒர்க்‌ஷாப்புக்குச் சரி. நமக்கு வேண்டாம்.

இன்னொன்று: 16ஆம் ஊசியில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நான் டப்பாவைச் செருகியபடியே விட்டுவிட்டு ரயிலில் சேலம் போய், பத்து நாள் கழித்துத் திரும்பினேன். பேட்டரி ஏற்கெனவே பழசு. கார் முனகக்கூட இல்லை. மைத்துனன்தான் ஒயரோடு வந்தான், சிரித்துக்கொண்டே.