டைமர், கெடு, முன்திட்டம்: தள்ளிப்போட்ட வேலையை எது நகர்த்தும்?

வேலையைத் தள்ளிப்போடுகிறேன், என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். டைமர் வை என்பார் ஒருவர், கெடு வை என்பார் இன்னொருவர். இரண்டு வாரம் ஒன்றை முயன்று பார்த்துவிட்டு, ‘எனக்கு எதுவுமே ஒத்துவராது’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதே இல்லை. எந்த வழி எந்த வேலைக்குப் பொருந்தும் என்று பார்க்காமல் எடுத்ததுதான் அங்கே நடந்த பிசகு.

அதனால் மூன்று வேலைகளை வைத்துக்கொண்டு ஒப்பிடுவோம்: பாதியில் நிற்கும் ஒரு நீண்ட அறிக்கை, பல மாதமாகப் போகாமலே இருக்கும் பல் பரிசோதனை, ஒருவரிடம் பேசியே ஆகவேண்டிய சங்கடமான ஒரு போன் அழைப்பு.

அதற்கு முன் ஒரு அடிப்படை. உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோயிஸ், திமோத்தி பிச்சல் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவதை அப்போதைய மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாக விளக்கினார்கள். வேலையை நினைத்ததும் பயமோ சலிப்போ எரிச்சலோ வருகிறது. வேலையை ஒதுக்கியதும் அது தணிகிறது. அந்தச் சின்ன நிம்மதிதான் அடுத்த முறையும் ஒதுக்க வைக்கிறது. ஆகவே ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்னை விலக்கிவைக்கும் அந்த உணர்வை இது எப்படிக் கையாளுகிறது?

டைமர் முறையை 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கினார். தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது இது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. அறிக்கைக்கு இது அருமையாகப் பொருந்தும். அங்கே நம்மை மிரட்டுவது வேலையின் அளவு. முழுதாக முடிக்க வேண்டாம், 25 நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்றதும் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. எழுத்து நன்றாக ஓடும்போது மணி அடித்தால் கண்டுகொள்ளாமல் தொடருங்கள் என்பேன். தொடங்க வைப்பதுதான் அதன் வேலை, அது முடிந்துவிட்டது. ஆனால் பல் பரிசோதனைக்கும் போன் அழைப்புக்கும் டைமரால் ஒரு பயனும் இல்லை.

அந்த இரண்டுக்கும் முன்திட்டம்தான் சரி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் ஆராய்ந்து விளக்கிய வழி இது: ‘இன்ன தருணம் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாகத் தீர்மானித்துவிடுவது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே இலக்கு வைத்தவர்களைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவுக்கு அதிகமாகச் செய்து முடித்திருந்தார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? ‘இப்போதா, அப்புறமா?’ என்று யோசிக்கும் நொடியில்தான் நாம் நழுவுகிறோம். அந்த யோசனையை முன்பே முடித்து வைத்துவிட்டால் நழுவ இடம் குறைகிறது. ‘திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளினிக்குக்கு போன் செய்து நேரம் வாங்குவேன்’ என்பது திட்டம். ‘அடுத்த வாரம் நேரம் கிடைத்தால் போவேன்’ என்பது திட்டமே இல்லை; நேரம் கிடைத்துவிட்டது என்று நமக்கு எதுவும் அடையாளம் காட்டாது. சங்கடமான அழைப்புக்கு இன்னும் ஒரு படி போங்கள்: பேசப்போகும் முதல் வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். அந்த அழைப்பில் பெரும்பாலும் நம்மைத் தடுப்பது ‘எப்படி ஆரம்பிப்பது’ என்ற தயக்கம்தான். அறிக்கைக்கோ முன்திட்டம் மட்டும் போதாது. நாற்காலி வரை கொண்டுவந்துவிடும், அதில் இருக்கவைக்காது. அங்கே டைமரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

கெடுவைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. டான் ஏரியலி, கிளாஸ் வெர்ட்டன்புரோக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கட்டுரைகள் எழுத வேண்டிய ஒரு வகுப்புக்குச் சீரான இடைவெளியில் கெடு நிர்ணயித்தார்கள். இன்னொரு வகுப்பு தன் கெடுவைத் தானே வைத்துக்கொண்டது. நிர்ணயித்த கெடுவில் எழுதியவர்களே அதிக மதிப்பெண் வாங்கினார்கள். இத்தனைக்கும் தாங்களே வைத்த கெடுவைத் தவறவிட்டாலும் அங்கே மதிப்பெண் குறையும். நாம் டைரியில் எழுதிக்கொள்ளும் தேதிக்கு அந்தத் தண்டனைகூட இல்லை. ஆகவே கெடு வேண்டுமென்றால் அது இன்னொருவர் கையில் இருக்கட்டும்: ‘வெள்ளிக்கிழமை முதல் பகுதியை அனுப்புகிறேன்’ என்று, நிஜமாகவே அதைப் படிக்கப்போகிறவரிடம் சொல்லுங்கள். பல் பரிசோதனைக்கு வாங்கிய அப்பாயின்ட்மென்டே கெடுதான். பயத்தால் தள்ளிப்போடும் அழைப்புக்கு மட்டும் கெடு வைக்காதீர்கள்; பயத்தின் மேல் இன்னொரு பயம்தான் ஏறும்.

வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதும் டேவிட் ஆலன் பிரபலமாக்கிய இரண்டு நிமிட விதியும் உண்டு: இரண்டு நிமிடத்தில் முடிவதை உடனே செய். மேசையைச் சுத்தமாக வைக்க நல்லது. தள்ளிப்போடும் பழக்கத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சில்லறை வேலைகளை முடித்த திருப்தியிலேயே நாள் போய்விடும், அறிக்கை அப்படியே கிடக்கும்.

எல்லோரும் கேட்காமலே கையாளும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது: தன்னைத்தானே திட்டிக்கொள்வது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு முதலாண்டு மாணவர்களைப் பின்தொடர்ந்தது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். வசவு அந்த வேலையைச் சுற்றியிருக்கும் கசப்பைக் கூட்டுகிறது; கசப்பிலிருந்து தப்பத்தானே ஒதுக்கினோம்?

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முன்திட்டத்தைத்தான் எடுப்பேன். செலவில்லை, கருவி வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். ஒரு சமயத்தில் ஒரு வேலைக்கு மட்டும் எழுதுங்கள். நீண்ட வேலை என்றால் கூடவே டைமர். பிடித்த வேலைகள்கூட நகராமல், தூக்கமும் மனமும் சேர்ந்து கெட்டுப்போயிருந்தால் இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். மனச்சோர்விலும் கவனக்குறைபாட்டுக் கோளாறிலும் (ADHD) இப்படி நடப்பதுண்டு. அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.