பதினொரு வருடம் ஓட்டிய ஜாகுவார் மார்க் 2, இப்போது விற்பனைக்கு

என்னுடைய 1962 ஜாகுவார் மார்க் 2-ஐ விற்கிறேன். 3.8 லிட்டர், ஓவர்டிரைவோடு (நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) மேனுவல் கியர். கிளட்ச் கனம், என் இடது முழங்கால் இனி தாங்காது, காரணம் அவ்வளவுதான். வருகிறவர் எல்லாம் தெரிந்துகொண்டு வர வேண்டும், அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின். ஆறு சிலிண்டர், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். 1950-களில் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர கார் பந்தயத்தை ஐந்து முறை ஜெயித்துக் கொடுத்த எக்ஸ்.கே. எஞ்சின் வகைதான் இதிலும். காலையில் கருப்புப் பொத்தானை அழுத்திக் கிளப்பினால் கூடவே உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், குளிரில் கிளம்புவதற்காக வைத்திருக்கும் துணைக் கார்புரேட்டர் காற்றை இழுக்கிற சத்தம் அது, பயப்பட வேண்டாம். எஞ்சின் சூடானதும் அது தானாக நிற்க வேண்டும். என் வண்டியில் இரண்டாம் வருடம் அது நிற்காமல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் கையால் போட்டு அணைக்கிற சுவிட்ச் ஒன்று மாட்டிவிட்டேன், பிறகு தொந்தரவே இல்லை. மைலேஜ் கேட்காமல் இருக்க மாட்டீர்கள்: லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்.

முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (கியர் பற்கள் உரசாமல் சேர வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும், அவசரப்பட்டால் பல் கடிக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாததால் பார்க்கிங்கில் தோள் வலிக்கும். ஆனால் கிராமத்துச் சாலையில் மூன்றாவது கியரில் அழுத்திப் பாருங்கள், மணிக்கு 125 மைல் வேகம் போகும் குடும்பக் கார் என்று அந்தக் காலத்தில் ஏன் கொண்டாடினார்கள் என்று புரியும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், இன்றைய போக்குவரத்திலும் நம்பி ஓட்டலாம்.

இனி முக்கியமான விஷயம். நான் வாங்கும்போது வண்டி புதுசு மாதிரி மின்னியது, வால்நட் மரப் பலகையில் ஒரு கீறல்கூட இல்லை, ஒன்பது வருடம் ஷெட்டிலேயே நின்ற வண்டி. வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே பிரேக் பிடித்துக்கொண்டது, டேங்க்குள் பெட்ரோல் பிசினாகியிருந்தது, ரேடியேட்டர் பாதி அடைப்பு, எல்லாம் சும்மா நின்றதால் வந்த வினை. முதல் இரண்டு வருடம் சரிபார்ப்பதிலேயே போயிற்று. அன்றிலிருந்து வாரம் இருபது மைலாவது ஓட்டுகிறேன், குளிர்காலத்தில், பனி உறையாமலிருக்கத் தூவும் உப்பு சாலையில் இல்லாத நாளாகப் பார்த்து. 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில், கிரீஸ் கன்னோடு கீழே படுத்து ஒவ்வொரு நிப்பிளுக்கும் கிரீஸ், அக்டோபரில் துரு பிடிக்காமலிருக்க சில்லுக்குள் (கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற இரும்புப் பகுதி) மெழுகு. 2021-ல் இங்கே பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் வந்ததும், அது பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால், ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினேன்.

இந்த மாடலில் துரு முதலில் பிடிப்பது சில்லிலும், பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்திலும், பான்ஹார்ட் ராட் (பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) பிடிப்பிலும்தான். டார்ச் கொண்டு வாருங்கள், நானே ஜாக்கி போட்டுத் தூக்கிக் காட்டுகிறேன். பின் இடது வளைவில் பெயின்ட் லேசாக உப்பியிருக்கிறது, அதை மறைக்கவில்லை. பேட்டரி பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனைதான் வண்டி உடலோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர்; புது ரேடியோ மாட்டும் ஆசை இருந்தால் அதை நினைவில் வையுங்கள்.

போர்வை போர்த்தி நிறுத்தி வைக்கப்போகிறவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வந்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நன்றாகச் சூடானதும் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஆயில் பிரஷர் முள் 40 psi-ல் நிற்க வேண்டும், நிற்கும். அப்புறம் விலை பேசலாம்.