பெட்டியா, பானையா, வரப்பா? ராமநாதபுரம் கரையோரத் தோட்டத்துக்கு எந்தத் தேனீ?

தர்ப்பூசணி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பினால் பலரும் முதலில் உரத்தைத்தான் கூட்டுகிறார்கள். அதன் பெண்பூ காலையில் விரிந்து மதியம் தாண்டியதும் மூடிக்கொள்ளும். மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மூன்று பிளவாக இருக்கும். மகரந்தம் சரியாக விழாத பக்கம் காய் பருக்காது. அதற்கு வேண்டியது உரமில்லை, தேனீ.

பெட்டித் தேனீ: உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு இந்தியத் தேனீதான் சரி. ஆண்டு முழுக்கப் பாளை வெடிப்பதால் தீனிக்குப் பஞ்சம் குறைவு, தேனும் கிடைக்கும். ஏக்கருக்கு 1, 2 பெட்டி போதும். வாசல் கிழக்கே பார்க்கட்டும், முதுகு கச்சான் என்னும் மேல்காற்றுக்கு. தாங்கியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கவேண்டும். கிண்ணம் வற்றினால் எறும்பு ஏறிவிடும். கிணறு உப்பாக இருந்தால், கூழாங்கல் போட்ட தட்டில் நல்ல தண்ணீர் வையுங்கள். ஆடிக் காற்றில் தேனீ வெளியே போகாது. அந்த நாட்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து மாலையில் கொடுங்கள். தவறினால் கூட்டமே ஓடிவிடும், காலி அடையில் மெழுகு அந்துப்பூச்சி புகும். தேனீயின் புழு பை போல நீர் கோத்துச் செத்திருந்தால் அந்த அடையை அடுத்த பெட்டிக்கு மாற்றவே கூடாது. 1991-92இல் தென்னிந்தியப் பெட்டிகளில் பெரும்பகுதியைக் காலி செய்த சாக்புரூட் என்ற வைரஸ் நோயின் அடையாளம் அது.

கொசுத்தேனீ: கொட்டாது. பானையிலோ மூங்கிலிலோ குடியிருக்கும். தேன் சொற்பம், சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. வீட்டுத் தோட்டத்துக்குப் போதும், வயலுக்குப் போதாது.

வரப்புத் தேனீ: கத்தரி வைத்தவர்களுக்கு மேலே சொன்ன இரண்டும் பெரிதாக உதவாது. கத்தரியின் மகரந்தப் பை பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் சிறு துளை மட்டும்தான். குலுக்கினால்தான் கொட்டும். காற்றில் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். வரப்போரம் தானாக வாழும், கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப்பட்டை ஓடும் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவிடும். அந்த 'ர்ர்ர்' சத்தம் பக்கத்தில் நின்றாலே கேட்கும். பெட்டித் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் இந்த வித்தை வராது.

ஆவாரம்பூவிலும் மகரந்தம் இப்படித் துளை வழியாகத்தான் வரும். கத்தரி பூக்காத மாதங்களில் இந்தத் தேனீக்களுக்குச் சோறு போடுவது வரப்பு ஆவாரைதான். நீலப்பட்டைத் தேனீ மண்ணைக் குடைந்து முட்டை வைக்கும். ஜேசிபி விட்டு வரப்பைச் சுரண்டினால் அடுத்த தலைமுறையே போய்விடும். இரண்டடி அகல வரப்பை உழாமல், களைக்கொல்லி படாமல் விட்டு, ஆவாரை, கொழுஞ்சி, தும்பையை நிற்க விடுங்கள். தச்சுத் தேனீக்குக் காய்ந்த மூங்கில் நாலு கட்டிப் போடுங்கள். காசு கொடுத்துப் பெட்டி வாங்குமுன் செய்யவேண்டியது இது என்பதே எங்கள் தீர்ப்பு. தோப்புக்காரர்கள் மட்டும் பெட்டியிலிருந்து தொடங்கலாம்.

மருந்தில் தவறினால் மூன்றுமே வீண். முண்டு மிளகாயில் இலைப்பேனுக்கு இமிடாகுளோபிரிட் அடிக்கிறார்கள். அது செடிச் சாற்றில் ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்துவிடும். மாலையில் அடித்தால் தேனீக்கு ஆபத்தில்லை என்ற பேச்சு இதற்குச் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வயலில் இதைத் தடைசெய்தது. பெட்டியையாவது ராத்திரியோடு தூக்கி வேறிடம் வைக்கலாம்; வரப்பிலிருப்பதை எங்கே தூக்குவது? பூக்கத் தொடங்கிய பிறகு வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மாறுங்கள்: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, தேனீ அடங்கியபின் மாலையில் அடிக்கவேண்டும். கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.